கொக்கோ தீவின் லயத்து மக்களும் நாமும்

(பாகான் நக்கோடா ஓமாரில் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கே இடம்பெறுகிறது.)

சபாக் பெர்ணம், சுங்கை பெசார், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, தம்பி தங்கைகளே, தூரத்திலிருந்து இதைப் படிக்கும் உறவுகளே.

போர்த்துக்கீசியர் என்றால் நமக்கு மலாக்கா நினைவுக்கு வரும். 1511-ல் வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், 1641-ல் டச்சுக்காரர்களிடம் தோற்றார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அத்தோடு அவர்கள் கதை நமக்கு முடிந்துவிட்டது. ஆனால் ஆப்பிரிக்காவில் அவர்கள் 1974, 1975 வரை ஆண்டார்கள். அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ், கேப் வெர்ட், சாவ் தோமே என்று ஐந்து நாடுகள். நாம் மெர்டேக்கா வாங்கிப் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் கழித்துத்தான் அவர்களுக்கு விடிந்தது.

இந்த ஐந்தில் சாவ் தோமேயைப் பற்றி உங்களிடம் பேசப் போகிறேன். அது முழுக்க முழுக்கத் தோட்ட நாடு. அங்கே லயத்தில் இருந்தவர்களுக்குச் சுதந்திரம் வந்தபோது என்ன கிடைத்தது, இங்கே சிலாங்கூரில் லயத்தில் இருந்த நமக்கு என்ன கிடைத்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தால், உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய தாள்களை நான் ஏன் இப்படித் துருவித் துருவிக் கேட்கிறேன் என்பது புரியும்.

நாடு என்று சொன்னாலும் அது இரண்டு சின்னத் தீவுகள். சாவ் தோமே, பிரின்சிப்பே. இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர். நம் சபாக் பெர்ணம் மாவட்டம் எவ்வளவோ அவ்வளவுதான். போர்த்துக்கீசியர் 1470 வாக்கில் போய்ச் சேர்ந்தபோது அங்கே மனிதர் குடியிருக்கவில்லை. ஆகவே அந்த மண்ணில் வேலை செய்தவர்கள் எல்லாருமே கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். முதலில் கரும்புக்கு அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பி வந்தது, அதன் பின்னால் கொக்கோ வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகிலேயே மிக அதிகமாகக் கொக்கோ ஏற்றுமதி செய்த இடங்களில் அந்தச் சின்னத் தீவும் ஒன்று.

கொக்கோ நமக்கும் புதிதில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தக் கடற்கரையில் தென்னைக்கு நடுவே கொக்கோ நட்டார்கள். காயைப் பிளந்து, கொட்டையை எடுத்து, புளிக்க வைத்து, வெயிலில் காய வைத்த கைகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கும். 1990-ல் மலேசியாவின் கொக்கோ விளைச்சல் ஏறத்தாழ 2,47,000 டன். பிறகு விலை விழுந்தது, செம்பனை வந்தது, எல்லாம் மாறிப் போனது. அந்தக் கொக்கோதான் அங்கேயும்.

அங்கே தோட்டத்துக்கு ரோசா என்று பெயர். லயத்துக்கு சன்சாலா என்று பெயர். பெரிய ரோசா என்றால் அதற்குள்ளேயே துரை பங்களா, ஆஸ்பத்திரி, சிறு ரயில் பாதை, கோயில், பெரட்டுக் களம், ஆட்களைக் கூட்டுகிற மணி எல்லாம் உண்டு. பெயரை மாற்றிவிட்டால் நம் ஊர் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்லிவிடுவார்கள்.

அங்கே அடிமை முறை 1875-ல் சட்டப்படி ஒழிந்தது. விடுதலை அடைந்தவர்கள் தோட்டத்துக்குத் திரும்ப மறுத்துவிட்டார்கள். அவர்களும், அவர்களுக்கு முன்பே விடுதலை பெற்றிருந்தவர்களின் வழிவந்தவர்களும் ஃபோரோ என்று அழைக்கப்பட்டார்கள். எவ்வளவு கூலி சொன்னாலும் ரோசாவில் மண்வெட்டி பிடிப்பது அடிமை வேலை, அதைச் செய்ய மாட்டோம் என்று நின்றார்கள். துரைமார்களுக்கோ ஆள் வேண்டும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் ஒப்பந்தம்.

அங்கோலாவின் உள்நாட்டில் ஆட்களைப் பிடிப்பார்கள், வாங்குவார்கள், வாரக்கணக்கில் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு வருவார்கள். பெங்குவேலா போன்ற துறைமுகத்தில் ஓர் அதிகாரியின் முன் நிறுத்துவார்கள். விருப்பத்தோடுதான் வேலைக்குப் போகிறாயா என்று கேள்வி. அவன் மொழி அதிகாரிக்குத் தெரியாது, அதிகாரியின் மொழி அவனுக்குத் தெரியாது. பதில் எதுவாக இருந்தாலும் எழுதப்பட்டது ஒன்றுதான்: விருப்பத்தோடு, ஐந்தாண்டுகளுக்கு. பிறகு கழுத்தில் ஒரு தகர வில்லை. அதில் ஓர் எண்ணும் ஏஜண்டின் பெயரும் இருக்கும். கூடவே ஒரு சிறு தகரக் குழல். அந்தக் குழலுக்குள் அவனுடைய ஒப்பந்தத் தாள்.

இதை 1904, 1905-ல் நேரில் போய்ப் பார்த்து எழுதியவர் ஹென்றி நெவின்சன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர். ஆட்களை நடத்தி வந்த பாதையோரத்து மரங்களில் கால்விலங்குகள் தொங்கியதைக் கண்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார். ஐந்தாண்டு என்று தாளில் இருந்தது. ஆனால் தீவுக்குப் போன பதினாயிரக்கணக்கானோரில் அந்தக் காலம் வரை ஊர் திரும்பியவர்கள் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஐந்தாண்டு முடிந்ததும் இன்னொரு ஐந்தாண்டு எழுதிக்கொள்வார்கள். அங்கே பிறந்த பிள்ளையும் தோட்டத்துக்கே.

தகர வில்லை என்றதும் எனக்கு இலங்கை நினைவுக்கு வந்தது. 1901 வாக்கில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களுக்கும் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டு கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று வழியில் பார்த்து அனுப்புவதற்காக. இரண்டு வேறு கண்டங்கள், இரண்டு வேறு ராஜாங்கங்கள், ஒரே தகரம்.

மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் கதை உங்களுக்குத் தெரியும். 1910-ல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்படும் வரை தாளில் கைநாட்டு. அதன் பிறகு கங்காணி முறை. 1938-ல் இந்திய அரசாங்கமே கங்காணி ஆள் பிடிப்பதை நிறுத்தியது. ஒரு வழக்கறிஞன் என்ற முறையில் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சாவ் தோமேயில் நடந்ததும் இங்கே நடந்ததும் ஒரே அளவு கொடுமை இல்லை. இங்கிருந்து ஊர் திரும்ப முடிந்தது. பலர் திரும்பினார்கள், மறுபடி வந்தார்கள். நம் வலியைப் பெரிதாக்குவதற்காக அடுத்தவன் வலியைக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஒன்று பொது. ஆளைப் பற்றிய தாள் ஆளிடம் இல்லை. அது கிராணி மேசையில் இருந்தது.

இப்போது ஒரு வழக்கைச் சொல்கிறேன். சட்டம் படிக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால் கவனமாகக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் கேட்பரி கம்பெனி அந்தக் காலத்தில் சாவ் தோமே கொக்கோவைப் பெருமளவில் வாங்கியது. கேட்பரி குடும்பத்தார் பக்திமான்கள், அடிமை முறைக்கு எதிரானவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். 1901-ல் அந்தக் குடும்பத்து வில்லியம் கேட்பரியின் கையில் சாவ் தோமே தோட்டம் ஒன்றின் விற்பனை அறிக்கை கிடைத்தது. நிலம், கட்டடம், மாடு என்ற பட்டியலோடு 200 கறுப்புத் தொழிலாளர்களும் 3,555 பவுன் மதிப்புள்ள சொத்தாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சம்பள ஆள் என்றால் தோட்டத்தோடு சேர்த்து விலை போட முடியுமா? அன்றே விஷயம் தெரிந்துவிட்டது. அதன் பிறகு விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், அறிக்கை வாங்கினார்கள், வெளியுறவு அமைச்சோடு பேசினார்கள். கொக்கோ வாங்குவதை நிறுத்தியது எப்போது? 1909 மார்ச்சில். எட்டு ஆண்டுகள்.

இதற்கிடையில் 1908-ல் ஸ்டாண்டர்ட் என்ற லண்டன் பத்திரிகை கேட்பரியின் போலித்தனத்தைக் குத்திக்காட்டி எழுதியது. கேட்பரி மானநஷ்ட வழக்குப் போட்டது. 1909 இறுதியில் பர்மிங்ஹாமில் விசாரணை. பத்திரிகைக்காக எட்வர்ட் கார்சன், கேட்பரிக்காக ரூஃபஸ் ஐசக்ஸ். அந்தக் காலத்தின் இரண்டு பெரிய வக்கீல்கள். நாள்கணக்கில் வாதம். கடைசியில் ஜூரி கேட்பரிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு ஃபார்த்திங். கால் பென்னி. வழக்கில் நீ ஜெயித்தாய், ஆனால் உன் மானத்துக்கு இவ்வளவுதான் விலை என்று முகத்தில் அடித்த மாதிரி.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் ஃபார்த்திங்கைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அதில் உறுத்துவது வேறு. அந்த நீதிமன்றத்தில் கம்பெனி பேசியது, பத்திரிகை பேசியது, பெரிய வக்கீல்கள் பேசினார்கள். மரத்தடியில் காய் உடைத்தவர்கள் வழக்கின் தரப்பே இல்லை. அவர்கள் பேசுபொருள், அவ்வளவுதான். அந்தக் கூச்சலால் ஒரு நன்மை உண்டானது, மறுக்கவில்லை. அதன் பிறகு அங்கோலாக்காரர்களை ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அனுப்பிய இடத்தை நிரப்ப மொசாம்பிக்கிலிருந்தும், வறட்சியும் பஞ்சமும் தின்ற கேப் வெர்ட் தீவுகளிலிருந்தும் புதிய ஒப்பந்த ஆட்கள் வந்தார்கள்.

நம் சிலாங்கூருக்கு வருவோம். இங்கே தோட்டத்தான் மற்றவர் பேசட்டும் என்று காத்திருக்காமல் தானே பேசிய ஓர் ஆண்டு உண்டு. 1941.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், அதன் முன்னணியில் ஆர். எச். நாதன். தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, ரப்பருக்கு நல்ல விலை, கம்பெனிகளுக்கு நல்ல லாபம். நம்மவர் நாள் சம்பளமோ அரை வெள்ளி அளவில்தான். 1941-ன் முதல் மாதங்களில் கிள்ளானைச் சுற்றிய தோட்டங்களில் வேலைநிறுத்தம் பிடித்தது. பிறகு சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது.

அவர்களுடைய கோரிக்கைகளை இன்று படித்தாலும் உடல் சிலிர்க்கும். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். அது எதிர்பார்த்ததுதான். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, ஒழுங்கான மருத்துவம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். கவனியுங்கள், தோட்டத்தான் குடிகாரன் என்று பேர் வைத்தார்களே, அந்தத் தோட்டத்தானே கள்ளுக்கடையை மூடு என்று வேலைநிறுத்தம் செய்தான். நம் பெண்களிடம் துரையும் கிராணியும் கை நீட்டக்கூடாது என்றார்கள். உறவினர்கள் தடையின்றி லயத்துக்கு வந்து போக வேண்டும் என்றார்கள். சங்கம் வைக்கவும் கூட்டம் போடவும் உரிமை கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம், ஏறியபடியே போக அனுமதி வேண்டும்.

அந்தச் சைக்கிள் கோரிக்கையைப் பார்த்து அன்றைக்குச் சிலர் கேலி செய்திருக்கலாம். எனக்கு அந்தப் பட்டியலிலேயே பெரியது அதுதான். சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு ஆளை அடக்கி வைத்துக்கொள்ள முடியும். சைக்கிளில் இருந்து இறங்காதவனை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. துரைமார்களுக்கும் அது புரிந்திருந்தது.

மே 5-ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடுவிக்கக் கோரி மக்கள் திரண்டார்கள். மே 16-ல் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்தார்கள், பட்டாளத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அடக்கிய பட்டாளத்திலும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். சயாம் மரண ரயில் பாதைக்கு நம் ஆட்களை அள்ளிக்கொண்டு போனான். அது தனியாகப் பேச வேண்டிய துயரம், இன்றைக்கு வேண்டாம்.

போருக்குப் பிறகு தொழிற்சங்கம் மறுபடி தலையெடுத்தது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் எஸ். ஏ. கணபதி, தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது, சம்மேளனம் தடை செய்யப்பட்டது. ரவாங் பக்கம் துப்பாக்கியோடு பிடிபட்டார் என்று குற்றம் சாட்டி, 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்களுடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1941-ல் ஒரு தலைவர் நாடு கடத்தப்பட்டார், 1949-ல் ஒருவர் தூக்கில், ஒருவர் துப்பாக்கி முனையில். சுதந்திரப் பேச்சுவார்த்தைக்கு நாற்காலி போடும் காலம் வந்தபோது லயத்திலிருந்து குரல் கொடுத்து வளர்ந்த தலைமுறை வெட்டப்பட்டிருந்தது.

சாவ் தோமேயில் இதே காலத்தில், 1953 பிப்ரவரியில், ஒரு படுகொலை நடந்தது. பத்தேபா படுகொலை. கவர்னர் கோர்குல்யோவுக்குக் கட்டுமான வேலைக்கு ஆள் வேண்டும். ஃபோரோ மக்களை வளைத்துப் பிடித்துக் கட்டாய வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இனி எங்களையும் ஒப்பந்தக் கூலியாக்கித் தோட்டத்துக்கு ஓட்டப்போகிறார்கள் என்று மக்கள் கொதித்து எழுந்தார்கள். பதிலுக்கு வீடு வீடாக வேட்டை. காற்றில்லாத சிறை அறையில் அடைத்து மூச்சுத் திணறிச் செத்தவர்கள், ஃபெர்னாவ் தியாஷ் கடற்கரை முகாமில் வேலை வாங்கிச் சாகடிக்கப்பட்டவர்கள் என்று நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். இன்றும் பிப்ரவரி 3 அங்கே தியாகிகள் நாள்.

அந்தப் படுகொலையில் ஒரு செய்தி நம் நெஞ்சில் தைக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் தாங்கள் மட்டும் போகவில்லை. தோட்டத்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் சிலரையும் ஆயுதம் கொடுத்து ஃபோரோ மக்கள் மீது ஏவினார்கள். லயத்தில் அடிமைப்பட்டுக் கிடந்தவனைக் கொண்டு ஊரில் இருந்தவனை அடித்தார்கள். அந்தக் காயம் சுதந்திரத்துக்குப் பிறகும் ஆறவில்லை. ஊர்க்காரன் லயத்தானை வெளியாளாகப் பார்த்தான். லயத்தான் ஊர்க்காரனைச் சோம்பேறி என்றான். இந்தப் பார்வை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

இனி சுதந்திரம். போர்த்துக்கலில் சலாசரின் சர்வாதிகாரம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பிரிட்டனும் பிரான்சும் மூட்டை கட்டியபோதும் அவன் கட்டவில்லை. கோவாவைக்கூடப் பேசித் தரவில்லை. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் போய்த்தான் எடுத்தது. அதே ஆண்டு அங்கோலாவில் ஆயுதப் போர் மூண்டது. பிறகு கினியில், 1964-ல் மொசாம்பிக்கில். பதின்மூன்று ஆண்டுகள் சண்டை போட்டுச் சலித்த போர்த்துக்கல் படை அதிகாரிகளே 1974 ஏப்ரல் 25-ல் லிஸ்பனில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். மக்கள் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழலில் கார்னேஷன் பூ செருகியதால் அதற்குப் பூப்புரட்சி என்றே பெயர். கினியிலும் மொசாம்பிக்கிலும் உழவனும் கூலியும் சிந்திய ரத்தம் லிஸ்பனையே விடுதலை செய்தது என்று நான் சொல்வேன்.

சாவ் தோமேயில் ஆயுதப் போர் நடக்கவில்லை. தலைவர்கள் வெளிநாட்டில் இருந்து இயக்கம் நடத்தினார்கள். 1974 நவம்பரில் அல்ஜியர்சில் ஒப்பந்தம், 1975 ஜூலை 12-ல் சுதந்திரம். மனுவேல் பிந்தோ த கோஸ்தா முதல் அதிபர். செப்டம்பர் 30-ல் பெரிய ரோசாக்களை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துரைமார் கப்பல் ஏறினார்கள். கேட்கவே எவ்வளவு மகிழ்ச்சி!

ஆனால் லயத்தில் என்ன மாறியது? துரை பங்களாவில் அரசாங்க மேலாளர் குடியேறினார். மணி அடித்தது, பெரட்டு நடந்தது, சன்சாலாவில் அதே குடும்பங்கள் அதே அறையில். ஒரு பெரிய ரோசாவுக்கு அங்கோலாவின் முதல் அதிபர் அகஸ்தீனு நெத்தோவின் பெயரைச் சூட்டினார்கள். பெயர் மாறிய தோட்டத்தில் கொக்கோ விளைச்சல் விழுந்தது, சம்பளம் தேய்ந்தது. நிலத்தைத் துண்டு போட்டு உழைத்தவர்களுக்குக் கொடுக்கும் வேலை 1990-களில்தான் தொடங்கியது. அதுவும் கருவி இல்லாமல், கடன் வசதி இல்லாமல், ஒழுங்கான பாதை இல்லாமல். கேப் வெர்டிலிருந்து வந்து முதுமை அடைந்தவர்கள் பலர் ஊருக்கும் போக முடியாமல் பழைய லயத்திலேயே தங்கிவிட்டார்கள்.

நம் கதையில் துரைத்தனம் அப்படி ஒரே நாளில் கப்பல் ஏறவில்லை. 1957 ஆகஸ்ட் 31-க்குப் பிறகும் கம்பெனித் தோட்டம் கம்பெனித் தோட்டமாகவே இருந்தது. லண்டனில் பேச்சு நடந்தது, ரீட் கமிஷன் அரசியலமைப்பை எழுதியது. நம் சார்பில் பேசத் தலைவர்கள் இருந்தார்கள், அவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1941-ல் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவனுக்கு அந்த மேசையில் இடம் இல்லை.

அப்போது ஒரு வாசல் திறந்திருந்தது. மெர்டேக்காவுக்கு முன் மலாயாவில் பிறந்தவர்கள் மற்ற நிபந்தனைகளை நிறைவேற்றி, மெர்டேக்கா நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தால், மலாய் மொழித் தேர்வு இல்லாமலே குடிமக்களாகப் பதிந்துகொள்ளலாம். ஓராண்டு! தோட்டத்துக்குள் அந்தச் செய்தி ஒழுங்காக வந்ததா? வந்த இடத்தில் பிறப்புப் பத்திரம் இருந்ததா? விடியற்காலை பால்வெட்டப் போகிறவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டு ஆபீசுக்குப் போக முடிந்ததா? போனவர்கள் குடிமக்கள் ஆனார்கள். பிறந்த மண்ணிலேயே இருக்கிறோம், இதற்கு மேல் என்ன பத்திரம் என்று நினைத்தவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். பிறகு 1969-ல் வேலை பெர்மிட் வந்தது. குடிமகன் இல்லாதவனுக்குப் பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் கப்பல் ஏறினார்கள். இதே நாட்டில் ரப்பரை வளர்த்தவர்கள், தாங்கள் கண்ணால் காணாத ஊருக்குப் பிள்ளைகளோடு போனார்கள். உங்களில் சிலருக்குப் பெரியம்மா, சித்தப்பா அந்த வழியில் போயிருப்பார்கள்.

இலங்கையில் இதைவிட மோசம். 1948 பிப்ரவரியில் சுதந்திரம், அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 9,75,000 பேரை இவ்வளவு உனக்கு, இவ்வளவு எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சியவர்களுக்கு முழுத் தீர்வு வர 2003 வரை ஆனது.

இந்த இருட்டில் ஒரு விளக்கையும் சொல்லத்தான் வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையும் லயமும் ஒன்றாகப் போயின. அப்போது 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டார். பால்வெட்டியவர்கள் காசு போட்டு உண்மையிலேயே தோட்டங்கள் வாங்கினார்கள். அதன் பிற்கால நிர்வாகத்தைப் பற்றி உங்களுக்கு ஆயிரம் கேள்விகள் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனாலும் சாவ் தோமேயில் 1990-கள் வரை அரசாங்கம் கொடுக்கும் என்று காத்திருந்த இடத்தில், இங்கே கூலிக்காரன் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நிலம் வாங்கிக் காட்டினான். நிலம் இல்லாதவர்களுக்காக 1956-ல் அமைக்கப்பட்ட ஃபெல்டாவின் திட்டங்களில் தோட்டத்து இந்தியனுக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்காத காலத்தில்தான் இதைச் செய்தான்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயம் வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய் என்பதுதான் சட்டத்தின் நேர்ப்பார்வை. மூன்று தலைமுறை அந்தக் கூரையின் கீழ் பிறந்ததைச் சட்டம் தானாகக் கணக்கில் எடுப்பதில்லை. பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிய தோட்டங்களில், நாம் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லிப் பழகிய இடத்தில், முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் அலைந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். அங்கே அவர்களை நிற்க வைத்தது என்ன? யார் எந்த ஆண்டிலிருந்து எந்த லயத்தில் இருந்தார்கள் என்று பெயரோடு சொல்ல முடிந்தது. சேர்ந்து நின்றார்கள், பட்டியல் வைத்திருந்தார்கள்.

ஆகவே இப்போது தாள்களுக்கு வருகிறேன். தாய்மார்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1962-க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் குடியுரிமை கிடைக்காது. பெற்றோரின் நிலையையும் சட்டம் பார்க்கும். இதில் நம் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கோயிலில் தாலி கட்டி, ஊருக்குச் சோறு போட்டுக் கல்யாணம் நடக்கும். பதிவு மட்டும் நடக்காது. 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திருமணச் சட்டத்தின்படி பதிவு கட்டாயம். பதிவு இல்லாமல் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை பார்க்கும்போது சட்டம் தகப்பனைப் பார்க்காது, தாயைத்தான் பார்க்கும். தகப்பனிடம் நீல அட்டை இருக்கும். தாய்க்கு அவளுடைய தாய் காலத்திலிருந்தே எந்தப் பத்திரமும் இல்லாமல் இருக்கும். பிள்ளை இதே மாவட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தாலும் குடிமகன் இல்லை என்ற பதில் வரும். பின்னால் பதிந்துகொண்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிச் சும்மா இருக்காதீர்கள். அதற்குப் பிறகும் மனு, மேல்மனு, வழக்கு என்று பிள்ளையின் பள்ளிப் பருவமே போய்விடும். அப்படிப்பட்ட கோப்புகள் என் அலமாரியில் இருக்கின்றன. பெயர் சொல்ல மாட்டேன்.

பிறந்த பிள்ளையை 60 நாளுக்குள் பதியுங்கள். கல்யாணம் முடிவானால் பத்திரிகை அடிக்கும் முன் பதிவுக்கு நாள் வாங்குங்கள். பாட்டி, தாத்தாவின் பழைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம் எதையும் எரிக்காதீர்கள், தண்ணீரில் விடாதீர்கள். தோட்டத்துச் சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை, தோட்ட ஆஸ்பத்திரி அட்டை, தமிழ்ப்பள்ளியின் பழைய சான்றிதழ், லயத்து வாசலில் நின்று எடுத்த தேதி போட்ட படம் எல்லாம் சாட்சி. எண்பது வயதுப் பெரியவர்கள் இருந்தால் யார் எங்கே பிறந்தார்கள், யார் பிரசவம் பார்த்தார்கள் என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் அவர்களிடம் சத்தியப் பிரமாணம் வாங்கிவிடலாம். அவர்கள் போன பிறகு எந்த வக்கீலாலும் வாங்க முடியாது.

கூட்டம் முடிந்ததும் கதவுப் பக்கம் இரண்டு மேசைகள் இருக்கும். இடது மேசையில் பிறப்புப் பதிவு, அடையாள அட்டைப் பிரச்சினைகள். வலது மேசையில் லயம், வீடு, நிலம். அசல் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், என்னிடமும் வேண்டாம். நகல் எடுக்க இயந்திரம் வைத்திருக்கிறோம், காசு இல்லை. அசலை உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.